படிக்கட்டின் தலையில் ஒரு சோடிச் சப்பாத்து

4

கண் தெரியாத ஒரு மனிதர் நடுத்தெருவில் நின்று எதற்காகச் சப்பாத்தைக் கழற்ற வேண்டும்?

ஜெகதீஸ்வரி அந்தப் புகைப்படத்தைக் காலை ஒன்பது மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பதினொன்று. மொன்ட்ரியாலின் நோத்ர-டாம்-த-கிரேஸில், டெப்பனர் எனப்படும் ஒரு மூலைக்கடைக்கு மேல்மாடியில், தன் சமையலறையையே அலுவலகமாக்கித் துப்பறியும் தொழில் நடத்துகிற ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி அவர். பழுதான எந்தச் சாமானையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். இந்தப் படத்தை மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து கழற்றத் தொடங்குவது என்று பிடிபடவில்லை.

படம் லிஸ்பன் நகரக் காவல்துறை எடுத்தது. கல் பதித்த ஒடுங்கிய தெரு. தெரு முடிகிற இடத்தில் கீழே இறங்குகிற நாற்பத்தொரு படிகள். முதற்படிக்கு ஒரு சாண் முன்னால் ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து.

விழும்போது கழன்ற சப்பாத்து என்றால் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் கிடக்கும். இவை பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அவசரத்தில் இழுத்துக் கழற்றியிருந்தால் நாடாவின் முடிச்சு அப்படியே இருக்கும். இவற்றின் நாடாக்கள் முறையாக அவிழ்க்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காலுறை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே பத்திநாதர் என்ற எழுபத்துநாலு வயது மனிதர், யாரும் துரத்தாமல், யாரும் தள்ளாமல், ஆறுதலாகக் குனிந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலுடன் காற்றில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறார்.

"கால் வேர்த்திருக்கும்," என்றான் நிஷான்.

நிஷானுக்கு முப்பத்துநாலு வயது. பத்து வருடம் பீட்சா விநியோகித்தவன். இப்போது ஜெகதீஸ்வரியின் கார்ச் சாரதி, உதவியாளன், தேவையில்லாத நேரத்தில் திறக்கும் வாய்.

"நிஷான்."

"இல்லையக்கா. கால் வேர்வை பற்றி எனக்குத் தெரியாததில்லை. என்ர சப்பாத்தைக் கழட்டினால் கட்டடத்தையே காலி பண்ணுவாங்கள்."

எதிரே இருந்த பெண் சிரிக்கவில்லை. அவள் மேனுகா, பத்திநாதரின் மகள், வயது முப்பத்தொன்று. கார்டரி எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அவளது பிளேன்டீ குடிக்காமலே ஆறிப்போயிருந்தது.

"இன்னொருக்கா சொல்லும்," என்றார் ஜெகதீஸ்வரி. "அந்த நாளைக் காலமையில இருந்து."

மேனுகா சொன்னாள். பாத்திமா மாதாவிடம் போகிற யாத்திரை. மொன்ட்ரியாலிலிருந்து இருபத்துநாலு பேர், பெரும்பாலும் திருகோணமலைக் கத்தோலிக்கச் சனம். பாத்திமாவுக்கு முதல்நாள் லிஸ்பனைச் சுற்றிப் பார்ப்பதற்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஊர் வழிகாட்டிப் பெண் பிரெஞ்சில் விளக்குவாள். மேனுகா அதைக் கழுத்துப்பட்டியில் குத்திய மைக்கில் தமிழில் சொல்வாள். எல்லோருடைய காதிலும் ஒரு காதுக்குமிழ். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவைத் தமையன் மைக்கலிடம் விட்டுவிட்டு அவள் மற்றவர்களைக் கவனித்தாள். மைக்கலோ, அப்பாவை அவளருகில் இருத்திவிட்டுத் தான் கழிப்பறைக்குப் போனதாகச் சொல்கிறான். ஒன்று இருபதுக்குப் பத்திநாதர் படியின் அடியில் கிடந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

"அம்புலன்ஸில அப்பா சொன்னவராம்," என்றாள். "மேனுகா சொன்னவள், படி முடிஞ்சுது, இனிச் சமதரை எண்டு."

"நீர் அப்பிடிச் சொன்னனீரோ?"

"சொன்னனான்."

மேனுகா நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

"சாப்பாட்டுக்கடையில கழிப்பறைக்கு ரெண்டு படி இறங்கவேணும். ஒரு அம்மாவைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனனான். படி முடிஞ்சுது, பயப்பிடாதேங்கோ எண்டனான். மைக்கை நிப்பாட்ட மறந்திட்டன். அப்பா எங்கயோ எழும்பி நடந்திருக்கிறார். என்ர குரல் காதில விழுந்திருக்கு."

கண் மங்கிய ஆறு வருடமாகப் பத்திநாதர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். இடது, வலது, ஒரு படி, ரெண்டு படி. மேனுகா சொன்னால் கால் வைப்பார். வேறு யார் சொன்னாலும் நின்றுவிடுவார்.

"முப்பத்தோராம் நாள் பூசையில அண்ணை மைக்கில ஏறி, 'என்ர தங்கச்சியை மன்னிக்கச் சொல்லி ஆண்டவரை மன்றாடுங்கோ' எண்டவர். முழுச் சனமும் திரும்பிப் பார்த்தது. பேந்து சாப்பாட்டு மேசையில என்ர பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்லை. அம்மா வீட்டைவிட்டு இறங்கச் சொல்லிப்போட்டா. ஐஞ்சு கிழமையா ஒரு சிநேகிதியின்ர சோபாவில படுக்கிறன். இண்டைக்கு நாலு மணிக்கு அண்ணை அம்மாவைப் பியர்பொன்ட்ஸில இருக்கிற தன்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறார். அங்க போனால் எனக்குக் கதவு திறக்காது."

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு ஒண்டுதான் தெரியவேணும், அக்கா. அப்பாவை நான்தான் கொண்டனானோ? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. நான் அதோட இருந்துகொள்ளுவன்."

*

யாத்திரையை நடத்திய யோகேந்திரனின் அலுவலகம் மொன்ட்ரியால்-நோரில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்தது. ஏறுவதற்கு வீட்டுக்கு வெளியே வளைந்து வளைந்து போகும் இரும்புப் படிக்கட்டு.

"அக்கா, யோகேந்திரன் அண்ணை நல்லூர்க் கந்தன்ர ஆள்," என்றான் நிஷான் ஏறிக்கொண்டே. "ஆனா மாதாவிட்டையும் அந்தோனியாரிட்டையும் ஆள் ஏத்துறார். சொர்க்கத்தில எந்த வாசலுக்குப் போனாலும் அண்ணைக்குத் தெரிஞ்ச ஆள் நிப்பினம்."

யோகேந்திரன் பயந்த முகத்துடன் ஒரு பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே பஞ்சில் வெட்டிய இருபத்துநாலு குழிகள். ஒவ்வொரு குழியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.

ஜெகதீஸ்வரியின் முகம் மலர்ந்தது. இந்த மாதிரிச் சாமானைக் கண்டால் அவர் பசியை மறந்துவிடுவார்.

வேலை செய்கிற விதம் எளிமையானது. பேசுகிறவரிடம் ஒரு சின்ன வானொலி நிலையம். கேட்பவர்கள் கழுத்தில் ஆளுக்கொரு வானொலிப் பெட்டி. எல்லாம் ஒரே அலைவரிசையில். பெட்டியிலிருந்து ஒரு வயர் காதுக்கு ஏறும். அதன் நீளம் ஒரு முழம். ஒரு காதுக்கு மட்டும்தான் குமிழ், ஏனென்றால் மற்றக் காதுக்குத் தெருவில் வரும் வாகனம் கேட்க வேண்டும்.

"எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

"வெட்டையெண்டால் நூறு மீற்றர். சுவர் இருந்தால் குறையும்."

"சாப்பாட்டுக்கடைக்கும் அந்தப் படிக்கும்?"

"நாப்பது மீற்றர் இருக்கும்."

"நிஷான், தொப்பியைக் கண்ணுக்கு இழு."

"எனக்குத் தெரியும், இண்டைக்கு நான்தான் குருடன்."

நிஷான் கம்பளித் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு இரும்புப் படிக்கட்டின் தலையில் நின்றான். காதில் குமிழ். யோகேந்திரன் அவனது ஜாக்கெட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டார். ஜெகதீஸ்வரி இறங்கித் தெருவைக் கடந்து, எதிரே இருந்த சலவைக்கடைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நிஷான் சொல்வது அவருக்குக் கேட்கும்படி இருவரின் போன்களையும் இணைப்பில் வைத்திருந்தார்கள்.

"நிஷான், கேக்குதோ?" என்றார் மைக்கில்.

"கேக்குது. வாயில மணக்கிற ஏலக்காயே கேக்குது. கையைத் தாங்கோ அக்கா, விழுந்திடுவன்." நிஷான் வலது கையைப் பக்கத்தில் நீட்டித் துழாவினான்.

"நான் தெருவுக்கு அங்காலை நிக்கிறன்."

"விசர்க்கதை. என்ர தோளில நிக்கிறியள்."

"தொப்பியைக் கழட்டு."

நிஷான் கழற்றினான். தன் நீட்டிய கைக்குப் பக்கத்திலிருந்த வெறுமையைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். ஒரு கணம் அவனுக்குப் பகிடி வரவில்லை.

ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் இரண்டு காதையும் வைத்துத்தான் அளக்கிறோம். வலது காதுக்கு ஒரு கணம் முந்தி வந்தால் வலப்பக்கம். மெதுவாகக் கேட்டால் தூரம். குரலை ஒரு காதுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டால் அந்த அளவு எல்லாம் போய்விடும். நாற்பது மீற்றரும் நாலு அங்குலமும் ஒன்றுதான். கண் உள்ளவருக்கு அதனால் நட்டமில்லை, திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

"அப்ப வழக்கு முடிஞ்சுது," என்றான் நிஷான், மூவரும் மறுபடி மேசையருகே வந்தபோது. அவன் குரலில் உற்சாகம் இல்லை. "மைக் திறந்து கிடந்தது. படி முடிஞ்சுது எண்டவ. அவர் நம்பினவர். மேனுகாதான்."

"நானும் எல்லாருக்கும் அதைத்தான் சொன்னனான்," என்றார் யோகேந்திரன்.

"எல்லாருக்குமோ?" என்றார் ஜெகதீஸ்வரி. "அப்ப சப்பாத்தை ஆர் கழட்டச் சொன்னது?"

நிஷான் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"கழிப்பறைக்குப் போற அம்மாவுக்குப் படி முடிஞ்சுது எண்டு சொல்லலாம். சப்பாத்தைக் கழட்டுங்கோ எண்டு சொல்லுவினமோ? உங்கட அந்த நாள் அட்டவணையைத் தாங்கோ."

அட்டவணை ஒரு மஞ்சள் அட்டையில் இருந்தது. ஒன்பதரை, அந்தோனியார் பிறந்த இடத்துக் கோயில். பத்தரை, பக்கத்திலுள்ள பேராலயம். பதினொன்றேகால், மலைக்கோட்டை. பன்னிரண்டரை, பழைய நகரத்து ஒழுங்கைகள். ஒரு மணி, சாப்பாடு. இரண்டரை, ஆற்றங்கரை மடாலயம்.

"இதில எங்கயாவது பத்திநாதர் சப்பாத்தைக் கழட்டினவரோ?"

"அந்தோனியார் கோயிலில," என்றார் யோகேந்திரன். "எல்லாரும்தான் கழட்டினவை. வெள்ளைக்காரச் சனம் பார்த்துச் சிரிச்சது. திருகோணமலை ஆக்கள், அந்தோனியாரிட்டைப் போறதெண்டால் வெறுங்கால்தான். அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை வேற, அவற்றை நாள்."

"பேராலயத்தில?"

"அங்க ஒருத்தரும் கழட்டேல்லை."

ஜெகதீஸ்வரி அட்டையைக் கீழே வைத்தார். காலையிலிருந்து நெற்றியில் இருந்த சுருக்கம் போய்விட்டது.

"அவர் தெருவில சப்பாத்துக் கழட்டேல்லை. அந்தோனியார் கோயில் வாசலில கழட்டினவர். தான் அங்கதான் நிக்கிறன் எண்டு நினைச்சவர்."

"காலமை போன கோயிலுக்கு மத்தியானமும் ஏனக்கா?" என்றான் நிஷான்.

யோகேந்திரன் தொண்டையைச் செருமினார். "திரும்பப் போகவேணும் எண்டு சாப்பாட்டு மேசையில கெஞ்சிக்கொண்டிருந்தவர். மனிசிக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு படுக்கையில எல்லோ. அவவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த மறந்திட்டாராம். நேரம் இருந்தால் பாப்பம் எண்டு நான்தான் சொன்னனான்."

"அம்புலன்ஸில அவரோட ஆர் இருந்தது?"

"நானும் மைக்கலும்."

"அவர் சொன்னது முழுக்கச் சொல்லுங்கோ. ஊருக்குச் சொன்னதை இல்லை. அவர் சொன்னதை."

யோகேந்திரன் பெட்டியின் மூடியைத் தடவினார். "அது விசர்க்கதை. தலையில அடிபட்ட ஆள். அதை அம்மாவுக்குச் சொல்லவேண்டாம், அவ உடைஞ்சுபோவா எண்டு மைக்கல் கேட்டவர். நானும் விட்டிட்டன்."

"என்ன விசர்க்கதை?"

"எங்களோட வந்த கமலாவதியிட்டை எத்தினை தொப்பி இருக்கு எண்டு கேட்டவர்."

நிஷான் சிரிக்கத் தொடங்கி, ஜெகதீஸ்வரியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அவர் ஏற்கெனவே மேனுகாவுக்குப் போன் எடுத்துவிட்டார்.

"மேனுகா, கமலாவதியின்ர தொப்பியைப் பற்றி மைக்கில என்ன சொன்னனீர்?"

"உங்களுக்கு அது எப்பிடி... காலமை அந்தோனியார் கோயில் வாசலில. சப்பாத்தைக் கழட்டுங்கோ எண்டிட்டு, கமலாவதியக்கா, தொப்பியையும் கழட்டுங்கோ எண்டனான். எல்லாரும் சிரிச்சவை."

"மத்தியானம்?"

"மத்தியானம் அவ எங்க? கோட்டையடியிலயே முழங்கால் வீங்கி டாக்ஸியில ஹோட்டலுக்குப் போயிட்டா."

ஜெகதீஸ்வரி போனை வைத்தார்.

"பாவம் அந்த மனிசன்," என்றார். "விசர்க்கதை கதைக்கேல்லை. உங்கள் எல்லாரையும்விட முதல் துப்பறிஞ்சவர் அவர்தான். காலமை ஒருக்கா கழட்டின தொப்பியை மத்தியானமும் கழட்டச் சொல்லி மகளின்ர குரல் காதில கேட்டிருக்கு. படியில உருண்டு, எலும்பு எல்லாம் முறிஞ்சு கிடந்துகொண்டு, அது எப்பிடி எண்டு யோசிச்சிருக்கிறார். கேட்டும் பார்த்திருக்கிறார். நீங்கள் மறுமொழி சொல்லேல்லை."

யோகேந்திரன் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணை, அவரைத் தூக்கேக்க இந்த வயர் எப்பிடி இருந்தது?"

"குமிழ் காதிலதான் இருந்தது. மற்ற முனை சும்மா தொங்கினது. விழேக்க பெட்டியில இருந்து கழண்டது எண்டு நினைச்சம்."

ஜெகதீஸ்வரி ஒரு கருவியை எடுத்து வயரை மெதுவாக இழுத்தார். 'டிக்' என்று கழன்றது. அந்த முனையைப் பார்த்தார். உலகத்தில் எந்தப் பாட்டுப் பெட்டிக்கும் பொருந்துகிற சாதாரண முனை.

"இந்தப் பெட்டிக்கு ஞாபகம் இல்லை. வாறதைச் சொல்லும், சொன்னதை மறந்துபோகும். ஒன்பதரைக்குச் சொன்னதை ஒண்டு இருபதுக்குச் சொல்ல இதால ஏலாது. ஞாபகம் உள்ள வேற ஒரு சாமானிலதான் இந்த வயர் குத்தியிருந்தது. அந்தச் சாமான் அவரின்ர காதில இருந்து ஒரு முழத்துக்குள்ள இருந்தது. பொலிஸ் குறிப்பின்படி அவரின்ர சட்டைப்பையில ஒண்டும் இல்லை. அப்ப ஒருத்தர் கையில வைச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டிருக்கிறார்."

"ஆரக்கா?"

"மேனுகாவின்ர குரலைப் பிடிச்சு வைச்சிருந்த ஆள். நாங்கள் நாலு மணிக்கு முதல் அவவின்ர தாய் அல்போன்சம்மாவிட்டைப் போகவேணும்."

"அவ போகவேயில்லையே. கட்டிலில கிடந்தவ."

"அதுக்குத்தான் போறம். இருபத்துநாலு பேர் அந்தோனியாரிட்டைப் போயிருக்கினம். வீட்டில ஒருத்தி எழும்பேலாமக் கிடக்கிறா. எங்கட சனம் அவவுக்கு ஒண்டும் அனுப்பாமலோ இருந்திருக்கும்?"

*

மூன்றே முக்காலுக்கு அவர்கள் அல்போன்சம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, கூடத்தில் ஏழு பெட்டிகள் டேப் ஒட்டித் தயாராக நின்றன. கதவைத் திறந்தவன் மைக்கல். முப்பத்தெட்டு வயது, நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, மென்மையான பேச்சு.

"மேனுகா அனுப்பினவளோ? பரவாயில்லை, உள்ளுக்கு வாங்கோ. அவளும் பாவம்தானே. அவளுக்காக நாங்கள் ஒவ்வொரு நாளும் செபிக்கிறம்."

ஜன்னலோரச் சாய்கதிரையில் அல்போன்சம்மா. எழுபது வயது, மெலிந்த உருவம், நடக்க உதவும் சட்டம் பக்கத்தில். அவர் மகனுக்குப் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார்.

"அவளுக்குப் போய்ச் சொல்லு, எனக்கு ஒரு பிள்ளைதான். அவர் அவளைக் கண்ணெண்டு நம்பினவர். அவள் கண் அவரைப் படியில கொண்டுபோய் விட்டுது."

"அம்மா, விடுங்கோ," என்றான் மைக்கல் அன்பாக. அவர் மடியில் ஒரு புதிய போனை வைத்தான். "பழசைத் தாங்கோ. அதை இங்கயே எறிஞ்சிட்டுப் போவம்."

"பொறு. அதில ஒண்டு இருக்கு. கேட்டிட்டுத் தாறன்."

"என்னம்மா இருக்கு?" என்றார் ஜெகதீஸ்வரி, அவருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து.

கிழவி தலையணைக்குக் கீழிருந்து விளிம்பு வெடித்த ஒரு போனை எடுத்தார்.

"அண்டைக்கு மைக்கல் அனுப்பினது. காதுக்குமிழைப் போனில வைச்சுப் பிடிச்சவனாம். இங்க விடியப்பறம். அவள்தான் இதில கதைக்கிறாள். அந்தக் குரலைக் கேக்க எனக்கு வயிறு எரியுது. ஆனா கடைசியில அவர் கதைக்கிறார். ரெண்டு சொல்லு. அதுக்காக ஒவ்வொரு நாளும் அவளையும் கேக்கிறன்."

எங்கே அமத்துவது என்று அவர் திரையில் தேடினார். நிஷான் குனிந்து, "தாங்கோ அம்மா, நான் அமத்துறன்," என்று போனை வாங்கினான். இரண்டு மூன்று தடவை அமத்தினான். பிறகு மேனுகாவின் குரல், தூங்கி எழுந்த குழந்தைகளோடு பேசுகிறவள் போன்ற குரல், அந்தக் கூடத்தில் ஒலித்தது.

"அந்தோனியார் கோயில் வாசலுக்கு வந்திட்டம். எல்லாரும் சப்பாத்தைக் கழட்டுங்கோ. அவசரமில்லை, ஆறுதலாக் கழட்டுங்கோ." ஒரு நீண்ட இடைவெளி, காலடிச் சத்தம். "கமலாவதியக்கா, தொப்பியையும் கழட்டுங்கோ." தூரத்தில் சிரிப்பு. "சரி. படி முடிஞ்சுது. இனிச் சமதரை. பயப்பிடாமல் நேரே நடவுங்கோ."

பிறகு மிக அருகில், கரகரத்த ஓர் ஆண்குரல்:

"சரி பிள்ளை, வாறன்."

கிழவி கண்ணை மூடிக்கொண்டார். மைக்கல் ஒரு பெட்டியைத் தூக்கினான்.

"நேரமாகுது. போவம்."

"உங்கட போனில இது இன்னும் தெளிவா இருக்கும்," என்றார் ஜெகதீஸ்வரி, சாதாரணமாக. "அதில ஒருக்காப் போடுங்கோவன். அம்மா புதுப் போனில ஏத்தி வைச்சிருக்கலாம்."

"என்னட்டை இல்லை. அண்டைக்கே அழிச்சுப்போட்டன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கு உறைத்தது.

அல்போன்சம்மா கண்ணைத் திறந்தார். "எண்டைக்கு?"

"இடம் காணாது அம்மா, போன் நிறைஞ்சுபோச்சு."

"அண்டைக்கே எண்டனி. அவர் ஆஸ்பத்திரியில சீவனோட கிடக்கேக்கயோ? அவற்றை குரலையோ அழிச்சனி?"

மைக்கல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிஷானின் கையிலிருந்த பழைய போனுக்குக் கை நீட்டினான். நிஷான் அதை மிகவும் மரியாதையாக அவனிடமே கொடுத்தான்.

"இந்தாங்கோ அண்ணை. இப்ப அது மூண்டு பேரிட்டை இருக்கு. ஒராள் நான். ஒராள் அக்கா. மற்றது மேனுகா. அமத்தேக்க என்ர விரல் வழுக்கிப்போச்சு."

மைக்கல் போனைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த அன்பு, துடைத்தாற்போலப் போயிருந்தது.

"ஆறு வருசம்," என்றான் தாயைப் பார்த்து. "நான் கையைக் குடுத்தால் பிடிக்கமாட்டார். 'மேனுகா எங்க' எண்டு கேப்பார். பியர்பொன்ட்ஸில இருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்தனான். என்ர கையில ஒரு படி இறங்கமாட்டார். அண்டைக்கும் அந்தத் தெருவில, நான் 'வாங்கோ அப்பா' எண்டனான். நிண்டிட்டார். கல்லு மாதிரி. அவளின்ர குரலைப் போட்ட உடன குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டுறார். சாகோணும் எண்டு நான் நினைக்கேல்லை. ஒருக்கா விழுந்தால், பேந்து அவளை நம்பமாட்டார் எண்டு நினைச்சன்."

"நம்பேல்லைத்தான்," என்றார் ஜெகதீஸ்வரி. "அம்புலன்ஸில அரை மணித்தியாலம் அந்தக் குரலை நம்பாமலே கிடந்தவர். நீங்கள் கேட்டது கிடைச்சுது."

கிழவி அழவில்லை. மகனிடமிருந்து முகத்தைத் திருப்பி ஜெகதீஸ்வரியைப் பார்த்தார்.

"எனக்கு இந்த மிசின் கதையெல்லாம் விளங்காது, பிள்ளை. அவள் சொன்னவளோ, சொல்லேல்லையோ? எனக்கு விளங்குறமாதிரிச் சொல்லு."

ஜெகதீஸ்வரி ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்தார். அவசரப்படாமல் சொன்னார்.

"சொன்னவ, அம்மா. காலமை ஒன்பதரைக்குக் கோயில் வாசலில நிண்டு சொன்னவ. அங்க படி முடிஞ்சுதான் இருந்தது. அங்க சமதரைதான். மைக்கல் அதைப் போனில பிடிச்சு உங்களுக்கு அனுப்பினவர், தன்னட்டையும் வைச்சிருந்தவர். லிஸ்பனில வேற ஒருத்தரிட்டையும் அது இல்லை. சாப்பாட்டு நேரத்தில, அந்தோனியாரிட்டைத் திரும்பப் போவம் எண்டு சொல்லித் தகப்பனை அந்தப் படியின்ர தலைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். காது வயரைப் பெட்டியில இருந்து கழட்டித் தன்ர போனில குத்தினவர். கண் தெரியாதவருக்குத் தன்ர காது வயரின்ர மற்ற முனை எங்க இருக்கு எண்டு தெரியாது. மகளின்ர குரல் கேட்டுது, அவர் நடந்தவர். மேனுகா அந்த இடத்துக்கு வரவேயில்லை. அவவின்ர குரலை மைக்கல்தான் அங்க கொண்டுபோனவர்."